பூண்டு சாப்டாச்சா?

ருமேனியாவுல ஒரு மலையூருக்குப் புது வாத்தியாரா வந்த மிஹ்னியாவுக்கு, பாவம், பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்ல. அன்னைக்கு அந்திரேயர் பண்டிகை. ஊரே பூண்டு திங்குற நாளு. இவனும் ஒரு சட்டி பூண்டுக் குழம்பத் தூக்கிக்கிட்டு, சாயங்காலமா ஜன்னல் ஜன்னலாப் போயி, "பூண்டு சாப்டாச்சா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான்.

"வாயத் தொறக்காதடி!"ன்னு உள்ள குசுகுசுப்பு. விளக்குகூட அணைஞ்சு போச்சு.

கடைசி வீட்டு சாஃப்தா மட்டும், "இன்னும் இல்ல தம்பி, உள்ள வா!"ன்னா.

"ஏன்க்கா வேற யாருமே பதில் சொல்லல?"

"பேய்க்குப் பூண்டு ஆகாதுல்ல, அதான் இன்னைக்கு இப்படிக் கேக்குறது பேய்தான்னு பயம்."

"உங்களுக்குப் பயமில்லையா?"

"எனக்கென்ன பயம்? வருஷா வருஷம் கேக்குறதே நான்தானே! இதுவரைக்கும் ஒருத்தராவது பதில் சொல்லியிருக்கணுமே? உக்காருப்பா, சோளக்களி சூடா இருக்கு."

மிஹ்னியா வந்த வழியத் திரும்பிப் பாத்தான். அப்புறம் என்ன, பூண்டுச் சட்டிய வாசலுக்கு வெளிய வச்சிட்டு வந்து, ஜம்முனு உக்காந்துட்டான்.