கிராடி துரையின் குஞ்சத் தொப்பி

"அண்ணே, அந்த வெள்ளைக்காரன் நம்ம ஆளே இல்லை! இத்தனை வெள்ளிக்கிழமையா நம்மளை ஏமாத்திச் சோறு தின்னுட்டான் லா!"

சூலியா தெருக் கடைக்குள் மூச்சிரைக்க நுழைந்தார் முகம்மது கனி. ஹபீப் முகம்மதுவின் தொப்பிக் கடையில் துருக்கித் தொப்பிகளுக்குக் குஞ்சம் வைத்துத் தைப்பவர்.

முதலாளி ஹபீப் முகம்மது நிமிரவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

கனிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? கிராடி துரையைக் கண்டுபிடித்ததே அவர்தான். நொண்டி நொண்டிக் கடை வாசலுக்கு வந்து, வெல்வெட் தொப்பி ஒன்றை நீட்டி, அறுந்த குஞ்சத்தைத் தைத்துத் தரச் சொன்னார் துரை. தைத்துக் கொடுத்ததும் தலையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளைக்காரன் தலையில் குஞ்சத் தொப்பியா! துரை இஸ்லாத்துக்கு வந்துவிட்டார் என்று கனி முடிவு கட்டினார். தெரு முழுக்கச் சொன்னார். ஜும்மா தொழுகைக்குப் பிறகு முதலாளி வீட்டில் போடும் விருந்துக்குக் கையோடு கூட்டிப்போனார்.

"இவரு ஏன் தொழ வரலை?" என்று ஒருவர் கேட்டார்.

"முட்டி உடைஞ்ச மனுசன் லா, எப்படிக் குனிவாரு?" என்று கனியே பதில் சொன்னார்.

"தொப்பி எப்படிக் கிடைச்சது, துரை?" என்று இன்னொருவர் மலாயில் கேட்டார்.

துரை ஒரு தர்பூசணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். பந்திக்கு நடுவே நொண்டியபடி ஓடினார். குறுக்கே வந்த யூசுப் பாயைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, சுவரோரம் போய்ப் பழத்தின் மேல் குப்புற விழுந்தார்.

"அவங்க ஊரு வழக்கமா இருக்கும்," என்று அதற்கும் சமாதானம் சொன்னார் கனி.

இன்றைக்குத்தான் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி ராமதாஸ் விஷயத்தைப் போட்டு உடைத்திருந்தார்.

"அது பந்து விளையாட்டாம், அண்ணே! பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடணுமாம். ஆஸ்திரேலியாவுக்கே ஆடியிருக்கான். நாட்டுக்கு ஆடினவனுக்கு அந்தத் தொப்பி கொடுப்பாங்களாம். முட்டி போனதும் சுங்கை பாக்காப் தோட்டத்துக்கு மேனேஜரா வந்தானாம். ரப்பர் விலை விழுந்துச்சு, வேலையும் போச்சு. இப்பத் தெருவுல நிக்கிறான்!"

"தெரியும்," என்றார் முதலாளி.

"தெரியுமா?"

"தொப்பி விக்கிறவன் நான். எந்தத் தொப்பி எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பிறகு ஏன் சோறு போட்டீங்க?"

"பசியில வர்றவன் வாய்விட்டுக் கேக்கமாட்டான் தம்பி. ஏதாவது ஒரு சாக்கு வேணும். அவனுக்கு அந்தத் தொப்பி."

கனியின் கோபம் அடங்கவில்லை. ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்குமே என்று நினைக்க நினைக்க அவமானம் பிடுங்கித் தின்றது.

தெருக்கோடியில் கிராடி துரை அன்றைய விருந்துக்கு வந்துகொண்டிருந்தார். தலைவாரி, தொப்பி வைத்து, பசியோடு.

"பொய் சொல்லித் தின்னுறவனுக்கு இங்க சோறு இல்லேன்னு நானே போய்ச் சொல்றேன்!" என்று கனி படியிறங்கினார்.

"சொல்லு, சொல்லு," என்றார் முதலாளி. "நீ கப்பல்ல வந்து இறங்கின அன்னிக்கு, எங்கம்மாவோட தங்கச்சி மவன்னு சொல்லிக்கிட்டு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தே பாரு... எங்கம்மாவுக்குத் தங்கச்சியே கிடையாது, தம்பி."