இரண்டு முழ மஃப்ளர்

"பயப்படாதீங்க சிஸ்டர்ஸ். சங்கிலி வந்துட்டா குரோஷா பாதி வந்துட்ட மாதிரி" என்று செல்போனில் பின்னல் சொல்லித்தரும் வீடியோவில் ஒரு பெண் சிரித்தாள். மணிமொழி அந்த இடத்தையே மறுபடி ஓடவிட்டாள்.

பழகுவதற்காக வெள்ளை நூலைக் கொக்கி ஊசியில் சுற்றி இழுத்தாள். கண்ணி நழுவியது. மடியில் இரண்டு முழத்துக்கு நீல உல்லன் மஃப்ளர் கிடந்தது. அதன் கடைசிக் கண்ணி கழன்றுவிடாமல் ஓர் ஊக்கு மாட்டியிருந்தாள்.

கதவு திறந்தே இருந்தது. காடாம்புலியூரிலிருந்து பஸ் ஏறி வந்த மாமியார் கஸ்தூரியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாடி இது?"

"வாங்க அத்த..."

"எம்புள்ள போயி முப்பது நாளு ஆவுல. போன்ல சிரிப்பு கேட்டுகினு, கலர் நூல வச்சிகினு ஒக்காந்திருக்கிற?"

மணிமொழியின் கணவன் கொளஞ்சிநாதன் வடலூர் ரோட்டில் வண்டியோடு விழுந்து இறந்து இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

"இல்லீங்க அத்த. நேத்து அவருகூட வேல பாக்குற செந்தில்நாதன் அண்ணன் மைன்ஸ்லேர்ந்து அவரு லாக்கர்ல இருந்த பைய எடுத்தாந்து..."

"பையக் கண்டா அழுவ வரணும்டி. ஒனக்குப் பின்னல் வருதா? எதுத்த குவார்ட்டர்ஸ்காரி போன்ல சொன்னப்பகூட நான் நம்பல." பார்வை மஃப்ளரில் நின்றது. "இது ஆம்பள போடுறதாச்சே. எவனுக்குடி பின்னுற?"

மணிமொழியின் முகம் சிவந்தது. "வார்த்தைய அளந்து பேசுங்க அத்த."

"நான் அளக்கணுமா? சிகரெட்ட வுட்டு ஆறு மாசம் ஆச்சும்மான்னு எந்தலையில அடிச்சி சத்தியம் பண்ணான். கையி சும்மா இருந்தாதாம்மா கஷ்டமா இருக்குதுன்னான். புள்ள பொழச்சிக்கினான்னு மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துனேன். அவன் சாம்பலு ஆறல, அதுக்குள்ள ஒனக்கு வேற ஒரு கழுத்து கேக்குதா?"

சொல்லிக்கொண்டே மஃப்ளரைப் பறித்தாள். மணிமொழி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, என்னை ரெண்டு அடி அடிச்சிக்குங்க. அத மட்டும் வுட்டுடுங்க. நான் சொல்றத..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்!"

ஊக்கு தெறித்தது. கஸ்தூரியம்மாள் நூல் முனையை விரலில் சுற்றி இழுத்தாள். சரசரவென்று வரிசை வரிசையாகக் கழன்றது. நெருக்கமாகப் போட்டிருந்த வரிசைகள் முதலில் போயின. அடியில் இருந்த கோணல்மாணலான வரிசைகளும் போயின. மணிமொழியின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

தரையில் நெளிநெளியாக நீல நூல் குவிந்தது. கஸ்தூரியம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"இப்பப் பின்னுடி. நானும் பாக்குறேன்."

மணிமொழி செல்போனை அணைத்தாள். அழவில்லை.

"பாதியில நின்னுபோச்சேன்னு, முடிச்சி வெக்கலாம்னுதான் கத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

"என்னாத்த முடிச்சி வெக்கப் போற?"

"அது ஒங்க புள்ள பின்னுனதுங்க, அத்த."