வெளிச்சம் பிரமாதம்

புகைப்படக் கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால் வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

முதல் பரிசு.

கையகலக் கூடு. உள்ளே மூன்று குஞ்சுகள், மூன்று திறந்த வாய்கள். விளிம்பில் ஆண் பறவை. அதன் வால் வெள்ளை ரிப்பன் போலச் சட்டத்தின் அடிவரை தொங்கியது.

அரசவால் ஈப்பிடிப்பான்.

அவனுடைய கூடு. அதாவது, அவன் கண்டுபிடித்த கூடு. கட்டியது பறவைகள் என்றாலும் பட்டா தன் பெயரில் என்றுதான் அந்த மே மாதம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான்.

"வெளிச்சம் பிரமாதம்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

நடுவர்களும் அதையேதான் எழுதி ஒட்டியிருந்தார்கள். கூட்டின் மேல் நேராக விழும் காலை வெயில், அபூர்வம்.

அபூர்வம்தான்.

ஓடைக்கரைப் புங்கமரத்தில் அந்தக் கூட்டின் மேல் வெயில் விழுந்ததே இல்லை. விழக் கூடாது என்றுதானே அந்த இடம் பார்த்துக் கட்டின. மேலே குடை மாதிரி ஒரே ஒரு கிளை. இறகு முளைக்காத பிள்ளைகள் வெந்துவிடாமல், வானத்தில் சுற்றும் வைரிப் பருந்தின் கண்ணில் பட்டுவிடாமல்.

படத்தில் அந்தக் கிளை இல்லை.

வலது மூலையில் வெள்ளையாக ஒரு சின்ன வட்டம். மற்றவர்களுக்குப் பூவாகத் தெரியலாம்.

அவனுக்குத் தெரியும். புதிதாய் அறுத்த கிளையின் வெட்டுவாய்.

கூடு இருக்கும் இடத்தை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஞாயிறு விடிந்ததும் தலை வாரிக்கொண்டு கிளம்புகிறவனைப் பற்றி அவளுக்கு வேறு மாதிரிச் சந்தேகமே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டான். குடும்பம் கலைந்தாலும் கூடு கலையக் கூடாது.

பறவைப் படம் எடுக்கிற தனசேகரிடம் மட்டும் சொன்னான்.

"பாத்துட்டு மட்டும் வந்தர்றேங்ணா. கேமராவத் தொடவே மாட்டேன், எங்கம்மா சத்தியமா."

ஒரு 'ங்ணா'வுக்கு உருகிவிடுகிற ஆள் அவன். பறவைகளைப் பற்றி அவன் வாய் திறந்தால் வீட்டில் டிவி சத்தம் கூடும். கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மரத்தை மட்டுமல்ல, எந்தப் பக்கமாகப் போனால் பறவை பதறாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு கூடு காலி.

மரத்தடியில் அந்தக் கிளை காய்ந்து கிடந்தது.

வைரிக்கும் பிள்ளைகுட்டி உண்டு என்று வைரியை மன்னித்துவிட்டான். அந்தப் பக்கமாக வந்த ஆடு மேய்ப்பவரைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஆட்டுக்குத் தழை வேண்டுமென்றால் இந்தக் கிளைதான் கிடைத்ததா? காடு, நிழல், உணவுச் சங்கிலி என்று பெரிய பிரசங்கமே செய்தான். அந்த மனிதர் கடைசிவரை கேட்டார். ஆடுகளும் நின்று கேட்டன.

அன்று மாலை தனசேகருக்கு அவனேதான் போன் செய்தான்.

"கூடு போச்சுப்பா."

"ஐயோ... அப்படீங்களாண்ணா!"

தனசேகரின் குரல் உடைந்திருந்தது. இவன்தான் அரைமணி நேரம் ஆறுதல் சொன்னான்.

இப்போது தோள்மேல் ஒரு கை விழுந்தது. தனசேகர். கழுத்தில் பொன்னாடை.

"இவரு இல்லீன்னா இந்தப் படமே இல்லீங்க!"

கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான் தனசேகர். மனதார நன்றியோடுதான் சொன்னான். கைதட்டினார்கள்.

மறுக்கலாம் என்று பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவன் முதுகுக்குப் பின்னால், கூரையிலிருந்து ஒரு விளக்கு. அதன் ஒளி நேராகக் கூட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

ஓரடி முன்னால் நகர்ந்தான்.

அவன் தலையின் நிழல் மூன்று வாய்களின் மேலும் விழுந்தது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க."

அவன் தள்ளி நிற்கவில்லை.