கேப்டன் இக்பாலின் இடது கை

தம்பி கையைத் தூக்கினான். நாற்பது பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள்.

கச்சேரியின் கடைசி மார்ச் இசை. அத்தாவுக்கு நான் பிடித்துவைத்த நாற்காலி இன்னும் காலி.

கோலசிலாங்கூர் திடலில் கால் வைக்க இடமில்லை. பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டங்களிலிருந்துகூட மோட்டார் சைக்கிளில் மூன்று மூன்று பேராக வந்து இறங்கியிருந்தார்கள். ராணுவ பேண்டை நடத்துகிறவர் நம்ம ஊர்ப் பையனாம், டீக்கடை கிஃபாயத்துல்லா மகனாம் என்று ஒரே பேச்சு.

ஆமாம், என் தம்பிதான். கேப்டன் இக்பால். பதினெட்டு வயதில் கிளாரினெட் ஊதப் போனவன். படித்து, பரீட்சை எழுதி, படிப்படியாக ஏறி, இந்த வருஷம் முழு பேண்டையும் கையில் வாங்கியிருக்கிறான். சொந்த ஊரில் இதுதான் முதல் கச்சேரி.

நேற்று வந்தவன் அக்காவான என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "லாத்தா, எப்படியாவது அத்தாவைக் கூட்டிட்டு வந்துரு."

சொல்வது சுலபம். எங்களைப் பெற்ற அத்தாவை அவனுக்குத் தெரியாதா?

முதல் லீவில் அவன் கொண்டுவந்த கறுப்புப் பெட்டியைத் துப்பாக்கி என்று நினைத்து அத்தா இரண்டு கையாலும் வாங்கினார். திறந்து பார்த்தால் கிளாரினெட். அன்றைக்குத் தொங்கிய முகம் இன்றுவரை நிமிரவில்லை. கடையில் யாராவது விசாரித்தால் "பட்டாளத்துல இருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயை இன்னும் உயரத் தூக்கி ஆற்றுவார். வீட்டில் அவனைக் கண்டால் ஒரே கேள்விதான். "அந்தக் கொட்டுச் சத்தத்துல பாங்கு சொன்னா ஒங் காதுல விழுமாடா?"

இக்பால் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான்.

இன்று மதியமும் கெஞ்சிப் பார்த்தேன். நீ போ, எனக்கு வேலை இருக்கிறது என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கல் மனசு! எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லாப்பெட்டியைப் படாரென்று சாத்திவிட்டு வந்தேன்.

மார்ச் ஏறிக்கொண்டே போனது. பெரிய டிரம் என் வயிற்றுக்குள் இடித்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் பின்னால் இருந்த தங்கராஜு, செம்பனை லோரி ஓட்டுகிறவர், எங்கள் கடை வாடிக்கை, நாற்காலி முதுகில் தாளம் போட்டார்.

உச்சத்தைத் தொடுகிற இடத்தில் தம்பியின் இடது கை விரிந்து, சட்டென்று மூடியது.

அத்தனையும் நின்றது.

ஐயையோ! இத்தனை பேர் முன்னால், அதுவும் சொந்த ஊரில், தப்பு விட்டுவிட்டானா? முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா பர்வீன், கரண்டு போயிருச்சா லா?" என்றார் தங்கராஜு.

அப்போதுதான் கேட்டது. கடைத்தெருப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலிருந்து, பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு.

விருந்தினர் தாமதமாக வந்ததில் கச்சேரி பாங்கு நேரம்வரை நீண்டுபோனதே யாருக்கும் தெரியவில்லை. அந்த இரைச்சலில் பாங்கின் முதல் சொல் திடலில் ஒருவர் காதிலும் விழவில்லை. அவன் ஒருவன் காதில் விழுந்திருக்கிறது.

இக்பால் பள்ளிவாசல் பக்கம் திரும்பி விறைப்பாக நின்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதைப் பார்க்க அந்த மனுஷன் இங்கே இல்லையே என்று ஆத்திரமும் வந்தது.

துடோங் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், இரண்டு நாற்காலி தள்ளி நஜீப், கையில் ஐஸ்கிரீமோடு. எங்கள் பள்ளிவாசலில் தினமும் பாங்கு சொல்கிறவரே அவர்தான்.

"நஜீப், நீங்க இங்க இருக்கீங்க. அப்ப அங்க யாரு?"

"ஒங்க அத்தாதான் லாத்தா," என்றார் அவர் காதோடு. "இன்னிக்கு நான் சொல்லிக்கிறேன், நீ போயி பேண்டு பாருன்னு அனுப்பிவச்சாரு."

அடேயப்பா, கிழவருக்கு என்ன அழுத்தம்! இத்தனை வருஷமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் வாங்க அவரே மைக்கைப் பிடித்திருக்கிறார்.

பாங்கு முடிந்தது. தம்பி பேண்ட் பக்கம் திரும்பினான். மார்ச் விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டு ஏறியது. கடைசி அடி விழுந்ததும் திடல் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டியது. தங்கராஜு விசில் அடித்தார். நானும் அடித்திருப்பேன், எனக்கு வராது.

கூட்டம் கலைந்ததும் ஓடிப்போய் இக்பாலின் கையைப் பிடித்தேன். "பாங்கு சொன்னது அத்தாடா!"

"மொதச் சொல்லுலேயே தெரிஞ்சுருச்சு லாத்தா." அவன் கண் சிவந்திருந்தது.

தொழுகை முடித்து அத்தா வந்தபோது வாத்தியங்கள் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. கைலியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, மூச்சு வாங்க, ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"முடிஞ்சிருச்சா?" என்று என்னைக் கேட்டார். அந்த முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே.

இக்பால் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். முதலில் பெரிய டிரம்காரர் உறையைக் கழற்றினார். பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தது.

சிறப்பு விருந்தினர் எழுந்துபோன மெத்தை நாற்காலியில் அத்தா நேரே போய் உட்கார்ந்தார்.

"எதுலேருந்து வாசிக்கட்டும் அத்தா?" என்றான் கேப்டன்.

"மொதல்லேருந்து."