ஒரே கவட்டையில் இருவர்

பூங்காவில் அழகுக்காக நட்ட பேரி மரம் அது. காய்க்காது, வெள்ளை வெளேரென்று பூக்கும். அதன் உச்சியில் இரண்டு இளங்கிளைகள் ஒரே கவட்டையிலிருந்து ஒட்டிக்கொண்டு நேர் மேலே வளர்ந்தன.

கத்தரிக்கோல் வந்தது. “ரெண்டும் இப்படியே பருத்தா மரம் பிளந்துடும். ஒருத்தரை எடுத்தாகணும். யாரை வெட்டட்டும்?”

“அவனை!” என்றன இரண்டும்.

“சரி, பேசி ஒரு முடிவுக்கு வாங்கப்பா” என்று அது போய்விட்டது.

கிளைகள் பேசவில்லை. யாருக்குப் பூ அதிகம் என்று இடித்துக்கொண்டே பருத்தன. ஒருநாள் பலத்த காற்று அடித்தது. கவட்டை பிளந்து, ஆளுக்கொரு பக்கம் விழுந்தன.

கத்தரிக்கோல் பதறி ஓடிவந்தது.

“நல்லா பார்த்துக்கோ அண்ணே, முதல்ல விழுந்தது அவன்தான்!” என்றன இரண்டும்.