ஆட்டம் கண்ட பெட்டி

"எதுக்குய்யா என் மனுவைத் தள்ளினே? காரணத்தைச் சொல்லு!"

பெக்கானி என்பவன் கவுண்டரில் ஓங்கிக் குத்திய குத்தில் என் முத்திரைக் கட்டை கீழே விழுந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய எங்கள் காவல் நிலையத்தில், நகல்களுக்கு முத்திரை குத்துவதும் டைப் அடிப்பதும் என் வேலை. துப்பாக்கி உரிமம், பக்கத்துக் கவுண்டர் சார்ஜென்ட் கும்மேடேயின் பொறுப்பு.

அவர் நிமிரவே இல்லை. "துப்பாக்கி வைக்கிற இரும்புப் பெட்டி சரியில்ல. சுவத்துல ஆடுது."

"ஆடுதா? நாலு போல்ட் போட்டு முடுக்கியிருக்கேன். நீயே வந்து அசைச்சுப் பார்த்தியே!"

"பார்த்தேன். ஆடிச்சு."

"புளுகாதே!" பெக்கானி, வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினான். "எங்க தெருவுல இந்த மாசம் மட்டும் மூணு வீட்டுல புகுந்துட்டானுங்க. ஒரு பெரியவரைக் கட்டிப்போட்டு அடிச்சிருக்கானுங்க. இங்க போன் பண்ணினா வண்டி இல்லைங்கறாங்க. சரி, நானே காப்பாத்திக்கறேன்னா அதுக்கும் விடமாட்டேங்கறாங்க!"

"சட்டமே திருடன் பக்கம்தானே!" என்றார் ஒருவர். "வீடு புகுந்தவனைச் சுட்டா நமக்கு ஜெயிலு. அவனுக்கு ஜாமீன்."

"சார்ஜென்ட்டுக்குத் தாகம்ப்பா. கூல்ட்ரிங்க் குடிக்கக் காசு வை, பெட்டி ஆடறது தானா நின்னுடும்" என்றாள் ஒரு அம்மா. வரிசையே சிரித்தது.

பெக்கானி நூறு ரேண்ட் நோட்டை அவர் முகத்தில் விட்டெறிந்தான். கும்மேடே அதை எடுத்து அவன் பக்கமே நகர்த்தினார்.

பெக்கானி, பின்னால் நின்ற தன் மனைவியின் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தான். "நாளைக்கு எவனாவது உள்ள வந்து என் சோத்வாவை ஏதாவது பண்ணினா, நீயாடா பதில் சொல்லுவே?"

சோத்வா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் வாயைத் திறந்து கேளும்மா!" என்றார்கள் வரிசையில்.

"அவர் சொல்றதுதான்" என்றாள்.

"அப்பீல் பண்ணிக்கோங்க" என்றார் கும்மேடே. "பெட்டி ஆடுது. அவ்வளவுதான்."

கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, அவளையும் இழுத்துக்கொண்டு வெளியே போனான் பெக்கானி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன வருஷம் என் வீட்டிலும்தான் புகுந்தார்கள். அந்தப் பயம் என்னவென்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரம் வந்ததும் நேராக அவரிடம் போனேன்.

"பெட்டி உறுதியா இருக்குன்னு அன்னிக்கு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? நான்தானே டைப் அடிச்சேன்? எதுக்கு சார் இந்தப் பொய்? அவன்கிட்ட எவ்வளவு எதிர்பார்க்கறீங்க? வெக்கமா இல்லே?"

அவர் கோபப்படவில்லை. இழுப்பறையைத் திறந்து, பூட்டி வைத்திருந்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

"திங்கக்கிழமை நானே சோத்வாவைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

விண்ணப்பித்தவரின் மனைவியைத் தனியாக விசாரித்து, எழுதி வாங்கும் தாள் அது. கோணல்மாணலான கையெழுத்தில் சோத்வா எழுதியிருந்தாள்:

"போன வருஷம் சுடுதண்ணி ஊத்தினாரு. போன மாசம் கத்தி. துப்பாக்கி மட்டும் குடுத்துடாதீங்க ஐயா. நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம்."