இடது கால் மாதம்

கால்நடை மருத்துவர் பர்வீனின் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் மேஜர் இடது முன்னங்காலை நீட்டியது. ஒரு மாதம் வலது, அடுத்த மாதம் இடது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதில் அந்த நாய் இதுவரை கணக்குத் தப்பியதில்லை. கைக்கு ஒரு கட்டியும் தட்டுப்படாத நாளிலேயே அதன் ரத்தம் புற்றுநோயைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாதந்தோறும் காலில் ஒரு சிறு சதுரம் மழித்து ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். இன்று பர்வீன் ஊசியைத் தொடவில்லை. போன மாதப் பரிசோதனை முடிவை, மேஜரை வளர்க்கும் செண்பகவல்லியிடம் கொடுத்தார்.

“ரத்தத்துல இப்ப அதோட அடையாளமே இல்லம்மா. இனி மாசாமாசம் வர வேணாம்.”

செண்பகவல்லி தாளை இரண்டு முறை படித்தாள். “கால எறக்குடா, முடிஞ்சிருச்சு,” என்றாள். மேஜர் இடது காலை இறக்கிவிட்டு வலது காலை நீட்டியது.

“அதுவும் வேணாம்டா,” என்றார் பர்வீன்.

மேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு இரண்டு முன்னங்கால்களையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, பர்வீனின் தோளுயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. மழித்த சதுரங்களில் புதுமயிர் அடர்ந்திருந்தது.